பதின்மூவாயிரம் கிலோமீட்டர்

2025 நவம்பர் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, என் மகள் வந்துகொண்டிருக்கும்போதே அவளைப் பெற்றவளை எடுத்துச் சென்றுவிட்டார்கள், என் குறை இதுதான், குளிர்பெட்டியின் கண்ணாடியில் ஆவி படர்கிறது, துண்டால் துடைக்கிறேன், பிரமுவின் நெற்றி தெரிகிறது, மறைகிறது, நாற்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவள் மூடுபனிக்குள் போய்ப்போய் வருகிறாள், முந்தின நாள் இரவு மரகதம் வான்கூவர் விமான நிலையத்திலிருந்து அழைத்து, ஏறப்போகிறேன் அப்பா, நான் வாய்க்கரிசி போடாமல் அம்மாவை எடுத்துவிடாதீர்கள் என்றாள், விடமாட்டேன் என்றேன், அதற்குள் என் மைத்துனன் இசக்கியப்பன் கைப்பேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் இட்டு, வான்கூவரிலிருந்து திருவனந்தபுரம் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று பந்தலுக்கே அறிவித்தான், அது படத்தில் இழுத்த நேர்க்கோடு, அந்தக் கோட்டில் அவள் ஏறிய விமானம் பறக்காது, நடுவே இரண்டு ஊர்களில் இறங்கி அடுத்த விமானத்துக்காக நாற்காலியில் கிடக்க வேண்டும் என்றேன், வகுப்பறைகளை அடக்கிய என் குரலைப் பாளையங்கோட்டையில் அன்று ஒருவரும் கேட்கவில்லை, துக்கத்தில் பிதற்றுகிறார் என்று காப்பி கொடுத்தார்கள்.

வெள்ளி நண்பகலில் பதினாறு மணி நேரம் முடிந்தது, சாலைப் பயணத்துக்கென்று இன்னும் நான்கு மணி நேரத்தை இசக்கியப்பன் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொடுத்தான், மரகதத்தின் கைப்பேசி அணைந்தே கிடந்தது, விடிந்தால் சனி, சனிக்கிழமை எடுத்தால் சாவு துணைக்கு ஓர் உயிரைக் கேட்கும் என்ற அச்சம் பந்தலில் பரவியது, பிள்ளைக்கு பிளேன் தப்பிட்டு போல அத்தான், சொல்ல வாய் வராம போனை அணைச்சிருக்கா, வாறதா இருந்தா இந்நேரம் கார் சத்தம் கேட்டிருக்கணும்லா என்றான் இசக்கியப்பன், ஏலே, அவ ஆகாசத்துல இருக்கா என்று நான் கத்துகிறேன், சங்கு முழங்குகிறது, கண்ணாடியிலிருந்து என் கையை விலக்குகிறார்கள், வாய்க்கரிசியில் ஒரு பிடியை நான் வேட்டி மடியில் முடிந்துகொள்கிறேன், மரகதம் சென்னைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் நாள்களில் பேருந்து எத்தனை நேரம் பிந்தினாலும் பிரமு இலை போட்டதில்லை, பசிக்கிறது என்பேன், புள்ள வந்துக்கிட்டு இருக்கா, பொறுங்க என்பாள், அந்தக் குரல் சுடுகாடு வரை என்னோடு வந்தது.

சனிக்கிழமை வெயில் ஏறியபின் கார் வந்து நின்றது, கழுவிவிட்ட கூடத்தில் பெட்டி இருந்த இடம் இன்னும் காயவில்லை, மரகதம் அந்த ஈரத்தைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, நான் வந்துக்கிட்டுதான மாமா இருந்தேன் என்றாள், இசக்கியப்பன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான், நான் மடியை அவிழ்த்து அரிசியை அவள் கையில் கொடுத்தேன், அவள் விரல்களை மூடிக்கொண்டாள், இப்போதெல்லாம் கண் அயர்ந்தால் நான் விமானத்தில் இருக்கிறேன், பக்கத்து இருக்கையில் மரகதம், மூடிய கை மடிமேல், சன்னல் கண்ணாடியில் ஆவி படர்கிறது, துண்டால் துடைக்கிறேன், வெளியே மேகத்துக்குள் பிரமுவின் நெற்றி, இன்னும் எவ்வளவு நேரம் என்று மகளைக் கேட்கிறேன், இதைப் படிக்கும் நீங்கள், உங்கள் கூடத்தில் அப்படியொரு பெட்டி இருக்கும் நாளில், கைப்பேசியைக் கீழே வையுங்கள், வந்துகொண்டிருப்பவர் வந்து சேரும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருங்கள்.