கண்ணாடியில் தண்ணீர்

ஆலையில் கொதிகலன் வெடித்த பிறகு மூன்று மாதம் அண்ணன் வீட்டுப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியில் அண்ணிதான் ஆள்மேல் ஆள் விட்டு வரவழைத்தாள்.

அண்ணனின் தீக்காயம் ஆறிவிட்டது. தலையில் பட்ட அடிதான் ஆறவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் எதையோ உளறிக்கொண்டிருந்தான். அண்ணி ஒரு நோட்டை விரித்துக் காட்டினாள். அவன் சொன்னதையெல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தாள்.

"'மூடியாச்சா'ன்னு கேப்பார். அரை மணி நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் 'கதவு', 'தண்ணி', மறுபடி 'மூடியாச்சா'. தண்ணி குடுத்தா தட்டி விடுறார். டாக்டர், வெறும் உளறல்மான்னு சொல்லிட்டார். கூட வேலை பார்த்தவர் நீங்க. உங்களுக்காவது புரியுதா தம்பி?"

முதல் பக்கத்திலேயே புரிந்தது. கொதிகலனைப் பற்றவைக்கும் முன் நாங்கள் பேசிக்கொள்வதில் அவன் பங்கு அது. அவன் கேட்பான்; நான் போய்ப் பார்த்து 'ஆச்சு' என்பேன். என் 'ஆச்சு' வராமல் பற்றவைக்கமாட்டான், பிடிவாதக்காரன். இங்கே பதில் சொல்ல ஆளில்லாமல் மூன்று மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறான்.

கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் அளவை அண்ணன் கேட்காமலே பற்றவைத்தான் என்று விசாரணையில் கையெழுத்துப் போட்டவன் நான். அண்ணியும் நம்பிவிட்டாள். ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், பழக்கதோஷம்.

"கழிவு வால்வு மூடியாச்சா?" என்றான் அண்ணன்.

"ஆச்சு."

சட்டென்று நிமிர்ந்தான். "காத்துக் கதவு திறந்தாச்சா?"

"ஆச்சு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விபத்துக்குப் பிறகு அவன் கோர்வையாகப் பேசுவதை இப்போதுதான் கேட்கிறாள்.

"கண்ணாடில தண்ணி பார்த்தாச்சா?"

அன்றைக்கும் இதே குரல்தான். கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே 'ஆச்சு' என்று கத்தினேன்.

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கும் இதைக் கேட்டாரா தம்பி?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். பற்றவைக்கப் போகிறவன்போல் கையை நீட்டி, என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தான். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"பார்க்கலண்ணா. நான் எழுந்து போகவே இல்ல."

அண்ணி நோட்டைக் கீழே போட்டாள். அண்ணன் கோபப்படவில்லை. பற்றவைக்க நீட்டியிருந்த கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அவசரமில்லடா. போய்ப் பார்த்துட்டு வா."