விழுந்தவனை எழுப்புதல்

பர்மாவின் பா-ஆன் ஊர்ப் பகோடா திருவிழாவின் லெத்வே குத்துச்சண்டையில் தம்பி லேபோ மயங்கி விழுந்தான். விழுந்தவனைத் தெளியவைத்து மறுபடி களத்தில் இறக்க ஒருமுறை அனுமதி உண்டு. அண்ணன் தாம்வே ஐஸ் தேய்த்து, காதைக் கடித்து அவனை எழுப்பினான்.

"தூங்கவாடா வந்தே?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"முடியுமாடா தம்பி?" என்று கேட்டான் தாம்வே.

லேபோ தலையாட்டினான். தாம்வே அவனைக் களத்துக்குள் தள்ளிவிட்டான்.

கடைசி மணிவரை நின்றவன் தோற்பதில்லை. ஆட்டம் சமன் என்றார்கள். ஊரார் லேபோவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் தாம்வே தம்பியின் கைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். லேபோ கையை இழுத்துக்கொண்டான்.

"அவுக்காதண்ணே. நம்ம ஆட்டம் இன்னும் வரலையே."

எதற்குத் தலையாட்டுகிறோம் என்பதே தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை என்று தாம்வேவுக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டைக்குள் அடிபட்டவனுக்கு ஆவதுபோல் லேபோவின் ஒரு கண்மணி மட்டும் அகல விரிந்திருந்தது.