தூங்கிக் காட்டியவள்

"சட்டையை இன்னும் தேய்க்கலியா? ஓய்வு எடுக்கிறது எப்படின்னு பாடம் எடுக்கப் போறேன், வீட்ல ஒரு சட்டைக்கு வழியில்ல!"

நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த நர்ஸ், பையை வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

"என்னங்க, நான் வகுப்புக்கு வரலியே. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். ரெண்டு பேர் பார்க்கிற வார்டை ஒருத்தியா பார்த்திருக்கேன்."

"நல்லா இருக்கு! உன் ஆஸ்பத்திரியில நடத்துறேன், பொண்டாட்டியே வரலைன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

உள்ளேயிருந்து மாமியார் பரிந்துகொண்டு வந்தார். "பாவம்டா, அவளை அவசரப்படுத்தாதே. மத்தியானச் சமையலை முடிச்சு வச்சிட்டு நிதானமா வரட்டும்."

கணவர் மனவலிமைப் பயிற்சியாளர். ஒரு நோயாளியைத் தூக்கி உட்கார வைத்ததில்லை, வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவியதில்லை. ஆனாலும் களைப்பைப் பற்றி அரை நாள் பேசுவார். அது உடம்பில் இல்லையாம், எண்ணத்தில் இருக்கிறதாம். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று அந்த வார்டு கேட்டுக்கொண்டே இருந்ததற்கு, பெரிய டாக்டர் அனுப்பிய பதில்தான் அவர். பகல் நர்ஸுகளை வேலையிலிருந்து எடுக்க முடியாது என்பதால், வகுப்பு இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு மட்டும்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பாய் விரித்து நர்ஸுகளைப் படுக்க வைத்தார். "கண்ணை மூடுங்க. கவலையை ஒரு படகுல ஏத்தி..."

படகு எங்கே போனதென்று அவளுக்குத் தெரியாது. குறட்டை விட்டுவிட்டாள்.

"பார்த்தீங்களா! என் மனைவி! எவ்வளவு சீக்கிரம்!" மைக்கில் அவர் கூவியதில் விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தூங்குவதைப் பார்த்து அவர் பெருமைப்பட்டது இப்போதுதான். அதைக் கெடுப்பானேன்? அசையாமல் கிடந்தால் சாயங்காலம் வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த நினைப்பே தேனாக இருந்தது.

பெரிய டாக்டரின் குரல் தலைமாட்டில் கேட்டது. "பிரமாதம் சார். இவ்வளவு நல்லா வேலை செய்யுதே! இனிமே எதுக்கு இன்னொரு நர்ஸ்? மாசாமாசம் நீங்க வந்தா போதும்."

"அதான் சார் நானும் சொல்றேன்," என்றார் கணவர்.

சும்மா கிடந்திருக்கலாம். தூக்கம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்தாள்.

"பயிற்சியால தூங்கல சார். ராத்திரி ரெண்டு பேர் வேலை, காலையில வீட்ல மூணு பேர் வேலை. பாய் விரிச்சா நான் எங்க வேணும்னாலும் தூங்குவேன். இன்னொரு நர்ஸ் வேணும் சார்."

கணவர் சிரிக்க முயன்றார். "தூக்கக் கலக்கத்துல ஏதோ... எழுந்திரும்மா, வீட்டுக்குப் போகலாம்."

"நீங்க போங்க. நான் தூங்கி எழுந்து வரேன்."

முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்துவிட்டது என்று அவர் இரண்டு தடவை அறிவித்தார். மற்றப் பாய்களிலிருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.