டயர் இல்லாத காருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

பிரிக்பீல்ட்ஸ் விளையாட்டுக் கூடத்திலிருந்த கார் பந்தய மெஷின் முதன்முதலாக அடுத்த ஊரான கிள்ளானுக்குப் போனது ஆயுத பூஜைக்கு மறுநாள். தப்பு மெக்கானிக் கன்னையாவுடையது. எல்லா மெஷினுக்கும் குங்குமம் வைத்தவர், ஸ்டீயரிங் இருக்கிறதே, இதுவும் வண்டிதானே என்று அதற்கடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டார். டயரே இல்லாத மெஷின். காலையில் பார்த்தால் பழம் சப்பையாக நசுங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் டோக்கன் போட்டு உட்கார்ந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தம்புசாமி, திரையில் ஏதோ பனிமலையைச் சுற்றிக்கொண்டிருந்தவர், மெஷினோடு கிள்ளானில் தன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவரை இறக்கிவிட்டு மெஷின் தானாகக் கூடத்துக்குத் திரும்பி வந்தது.

நம்ம ஆட்கள் இதற்கெல்லாம் அசருவார்களா? டோல் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றதும் கூட்டம் அள்ளியது. சீட்டில் குடையை வைத்து இடம் பிடித்தார்கள். குங்குமம் இருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். கூடத்தில் செருப்பு மலையாகக் குவிந்தது. இந்த மாதிரிக் கூடங்களை நடத்தும் கம்பெனியில் ஆர்கேட் பிரிவின் மேனேஜர் ஜோஆனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனிக்கு ஒவ்வொரு ஷாப்பிங் மாலிலும் ஒரு கூடம் இருந்தது. விளையாட்டு கைப்பேசிக்குள் போனதும் ரவாங் கூடம் மூடியது, சுங்கை பூலோ கூடம் மூடியது, கடைசியில் பிரிவு என்று மிஞ்சியது இந்தக் கூடமும் ஜோஆனும் கன்னையாவும்தான். இதுவும் போனால் ஐம்பது வயதுக்கு மேல் தனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, மாதாவே அனுப்பிய கூட்டமாகத் தெரிந்தது.

பங்சார் தலைமை அலுவலகத்திலிருந்து திருச்செல்வம் பார்வையிட வந்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். வந்தவர்கள் ஒரே ஒரு டோக்கன் போட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், இரண்டாவது ஆட்டம் ஆட ஆளே இல்லை, பக்கத்து மெஷின்களில் தூசி.

"இது கேம் இல்ல மேடம், டிரான்ஸ்போர்ட். நமக்கு அந்த லைசன்ஸ் இல்ல லா."

ஜோஆன் எவ்வளவோ கெஞ்சினார். திருச்செல்வம் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, தன் வீடு ரவாங்கில், இது அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டு, ஒரு டோக்கன் போட்டுப் போய்விட்டார். அவருடைய ஷூவும் குவியலில் சேர்ந்தது. கூடத்தை மூடச் சொல்லி மறுவாரமே உத்தரவு வந்தது.

கடைசி நாள் மற்ற மெஷின்களை லோரி ஏற்றிக்கொண்டு போனது. கார் மெஷினுக்காக இன்னொரு லோரி வரவேண்டும். ஜோஆன் அழுதுவிட்டார். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று தடவை ஃபெயிலானவர். பயத்தில் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"ஒரு தடவ உக்காருங்க மேடம். நம்ம வண்டிதானே," என்றார் கன்னையா.

ஜோஆன் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். திரையில் பின்னால் வந்த பந்தயக் கார்களெல்லாம் ஹார்ன் அடிக்க அடிக்க, ஆமை வேகத்தில் பனிமலையைச் சுற்றி, கிள்ளானில் தன் பிளாட்டுக்குக் கீழே வந்து இறங்கினார். மெஷின் திரும்பிப் போகட்டும் என்று ஓரமாக நின்றார். அது போகவில்லை. கூடம் இல்லையே, எங்கே போகும்? இரண்டு பேருக்கும் ஒரே கதிதான் என்று அதன் ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

அது நின்றது கீழ்வீட்டு டொரத்தி ஆன்டியின் பார்க்கிங்கில். பெரிய சண்டை. கடைசியில் சன்னல் வழியாக ஆன்டியே கரண்ட் கொடுத்தார். பதிலுக்குக் காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்கு முதல் சவாரி அவருடையது. ரோட் டேக்ஸ் இல்லை என்று ஒருமுறை சம்மன் ஒட்டினார்கள், ஜோஆன் அபராதத்தைக் கட்டிவிட்டார். இப்போது கேட்ட இடத்துக்கெல்லாம் ஜோஆனே ஓட்டுகிறார், பின்பக்கம் புது டிரைவருக்கான பி ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார். கன்னையா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழத்தோடு வருகிறார். ஆர்கேட் பிரிவை மூடியாகிவிட்டது என்று கம்பெனி சொல்கிறது. அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். கிள்ளான் பக்கம் போனால் ஜோஆனிடம் டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள், பிரிக்பீல்ட்சுக்குக் கொண்டுபோய் விடுவார். செருப்பை மட்டும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.