எண்பத்தைந்தில் சாகும் ஸ்பீக்கர்

இடப்பக்க ஸ்பீக்கர் எண்பத்தைந்தில் செத்துப்போனது. தொண்ணூறில் மறுபடி உயிர் வந்தது. மூன்று முறை பார்த்தாயிற்று. மூன்று முறையும் அப்படியே.

எண்பத்தைந்து என்றால் நொடிக்கு எண்பத்தைந்து அதிர்வு. தவிலின் தொப்பிப் பக்கம் முனகுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நடுவில் முக்காலியில் ஒலி அளக்கும் மீட்டரை நிறுத்தி, பக்கத்தில் ஓசை எழுப்பும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் கார்த்திகேசு, கோலாலம்பூர் கேசட் கம்பெனிக்காரர். பெட்டியின் திருகைத் திருப்பினால் ஓசை அடியிலிருந்து மெதுவாக ஏறும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து அதைப் பாடும். ஒவ்வோர் இடத்திலும் முள் எவ்வளவு ஏறுகிறது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பார். ஒலிப்பதிவு அறையில் எந்த ஓசையும் வீங்கக் கூடாது, காணாமலும் போகக் கூடாது. பாட்டைக் கலக்குகிறவன் நம்புவது அந்த இரண்டு ஸ்பீக்கரைத்தான். அவை பொய் சொன்னால் கேசட் முழுக்கப் பொய்.

அறை என் மச்சான் சீனியுடையது. ஈப்போவில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி. வருஷம் 1984. இதற்காக அவன் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. தாள் முழுமையானால் கம்பெனியின் பன்னிரண்டு கேசட்டும் இங்கேதான். இல்லையென்றால் ஐந்து மணி ரயிலில் கார்த்திகேசு பட்டர்வொர்த் போவார். அதற்கு எதிர்க்கரையான பினாங்கில் இன்னோர் அறை அவருக்காகக் காத்திருந்தது. அப்போது மணி இரண்டரை.

"பாட்டு போட்டா நல்லாத்தானே பாடுது," என்றான் சீனி.

"பாட்டுல அந்த ஓசை கண்ணிமைக்கிற நேரம் வந்துட்டு ஓடிரும். நடுவுல செத்துப் பொழச்சாலும் காதுக்குத் தெரியாது. இங்க அது நின்னு பாடுது பாரு, அதான்..." என்று தொடங்கினேன்.

"பாடம் ஆரம்பிச்சாச்சு," என்றாள் முத்தம்மா, மீ நூடுல்ஸ் பொட்டலங்களைப் பிரித்தபடி. அவள் என் தங்கை, சீனியின் மனைவி. அதே ஜெலாப்பாங்கில் ரேடியோ போர்டுகளைச் சோதிக்கும் வரிசையில் இன்னும் வேலை பார்க்கிறாள். நான் பாசாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். விளக்கம் சொல்வது என் வியாதி.

"இது ஸ்பீக்கர் இல்லைக் காணும்," என்றார் கார்த்திகேசு, தன் யாழ்ப்பாணத் தமிழில். "அறைதான் தின்னுது. சுவரில பட்டு வாற ஓசையும் நேரா வாற ஓசையும் மோதி ஒண்டை ஒண்டு அழிக்கும்."

உண்மைதான், அப்படி நடக்கும். ஆனால் நான் விரலைக் கொண்டுபோய் வலப்பக்க ஸ்பீக்கரின் காகிதக் கோனில் வைத்தேன். தூங்கும் பூனையின் வயிறு மாதிரி உறுமியது. இடப்பக்கக் கோன் சும்மா கிடந்தது.

"அறை தின்னுச்சுன்னா கோன் ஆடணும்லா. இது ஆடவே இல்ல. சமைச்சாத்தானே திங்க முடியும்?"

"ஓம், அது நியாயம்."

ஒரே மாதிரி இரண்டு இருந்தால் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு ஸ்பீக்கர் பெட்டியோடு போனால் பெட்டிக்கு நோவு. இருந்த இடத்திலேயே இருந்தால் பெட்டி நிரபராதி. மாற்றினோம். நல்ல பெட்டி இடப்பக்கம் வந்ததும் செத்தது. செத்த பெட்டி வலப்பக்கம் போய்ப் பாடியது. அடுத்து ஆம்பிளிஃபயரில் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகினோம். அப்போதும் இடப்பக்கம்தான்.

"பாக்கி என்ன?" என்றான் சீனி.

"ஒயர்," என்றாள் முத்தம்மா.

"அதை யாரு இழுத்தது?"

"நான்தான்," என்றேன். "ஒரே நீட்டு ஒயர் மச்சான். நடுவுல ஜாயிண்டே கெடையாது."

ஸ்பீக்கர் பக்க நுனிகள் இரண்டையும் சேர்த்து முறுக்கி, இந்தப் பக்கம் ஒயர் சோதிக்கும் என் மீட்டரை வைத்துக் காட்டினேன். முள் சுழியத்தில் போய் ஆடாமல் நின்றது. ஒயர் சுத்தம் என்று அர்த்தம்.

மணி மூன்றே முக்கால். கார்த்திகேசு தாளைச் சுருட்டத் தொடங்கினார். "அரைத் தாளில நான் கையெழுத்துப் போட ஏலாது தம்பி." சீனி ஜன்னல் வழியே சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கை சும்மா இருக்கவில்லை. ஒயரைத் திரும்ப மாட்டி, வலப்பக்கத்தை முழுக்க அணைத்துவிட்டு, இடப்பக்கத்துக்கு மட்டும் எண்பத்தைந்தைக் கொடுத்தேன். அது சாகவில்லை. விக்கியது. நின்று, பாடி, நின்று, பாடியது.

அப்போதுதான் புரிந்தது. வாசல் மணி இப்படித்தான் வேலை செய்கிறது: கரண்ட் வந்ததும் சுத்தியல் இழுபடும், இழுபட்டதும் கரண்ட் அறும், அறுந்ததும் சுத்தியல் திரும்பும், திரும்பியதும் கரண்ட் வரும். இந்த ஸ்பீக்கரும் பாடிப் பாடித் தன் ஒயரைத் தானே ஆட்டி அறுத்துக்கொள்கிறது. ஊமையானதும் ஆட்டம் நின்று ஒயர் சேர்கிறது. வலப்பக்கமும் பாடும்போது ஆட்டம் நிற்பதில்லை, அதனால் உயிரும் திரும்புவதில்லை.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"என்னங்க," என்றாள் முத்தம்மா. "அண்ணன் பேசாம நிக்குது."

"அதுக்கென்ன?"

"புரியலன்னா இன்னும் பேசும். புரிஞ்சிருச்சு. ஏதோ பண்ணி வச்சிருக்கு."

மீ பொட்டலத்திலிருந்து ஒரு சாப்பிடும் குச்சியை எடுத்தாள். ஒயரை ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றி, நுனிகளில் என் மீட்டரை மாட்டிச் சீனியின் கையில் கொடுத்தாள். அசையாமல் இருக்கும்போது நல்ல பிள்ளையாய் இருக்கும் போர்டின் குட்டு தட்டும்போது உடையும். தொழிற்சாலையில் நாள் முழுக்க அவள் செய்வது அதுதான். ஒயர் ஓடும் வழியில் சுவரின் பிளைவுட் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனாள். கதவோரம், ஒன்றுமில்லை. ஜன்னலடி, ஒன்றுமில்லை. மூன்றாம் பலகையின் மூலையில் தட்டியதும் முள் துள்ளி விழுந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு துள்ளல்.

"ஜாயிண்டே இல்லன்னியே, அண்ணே."

"ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

பலகையைக் கழற்றியதும் பாகான் டத்தோவிலிருந்து வாங்கி அடைத்த தேங்காய் நார் பொலபொலவென்று கொட்டியது. அதற்குள் ஒயரின் நடுவில், கட்டைவிரல் தடிமனுக்கு மஞ்சளாய் ஓர் உருண்டை. சீனி முகர்ந்து பார்த்தான்.

"மச்சான், இது ரப்பர் பாலு."

"பால்தான்."

ஒயர் இழுத்த நாளில் இடப்பக்கத்துக்கு இரண்டடி குறைந்துவிட்டது. அன்றைக்கு மாடிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, ஈயம் பற்றவைக்க முடியாது. டேப்பும் தீர்ந்திருந்தது. சித்தப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய பால் ஒரு போத்தல் மோட்டார் சைக்கிளில் இருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் கிழிந்த பந்து, ஒழுகும் வாளி, அறுந்த சிலிப்பர் எல்லாவற்றுக்கும் பால்தான் மருந்து. துண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து, மேலே பாலை ஊற்றினேன். நாளைக்குப் பற்றவைக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்குத் தச்சர் வந்து பலகை அடித்துவிட்டார்.

பால் செம்பு இழைகளுக்கு நடுவில் புகுந்து தோலாகக் காய்ந்திருந்தது. ரப்பரில் கரண்ட் போகாது. பால் உறையாமலிருக்கச் சேர்த்த அம்மோனியா வேறு செம்பைப் பச்சையாக அரித்திருந்தது. ஒன்றிரண்டு இழைகள்தாம் தொட்டுக்கொண்டிருந்தன. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் இருப்பது போல அந்தப் பலகைக்கும் ஒன்று உண்டு, அதுதான் எண்பத்தைந்து. அந்த ஓசையில் பலகை கூடுதலாக ஆடும், இழைகள் பிரியும்.

"ஸ்பீக்கருக்குப் பால்மரம் வெட்டினவரை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் கார்த்திகேசு.

"ரெண்டரையிலருந்து எல்லாத்தையும் சந்தேகப்பட்ட, உன்னத் தவிர," என்றான் சீனி.

"முறைப்படி ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டு வந்தேன்லா."

"கழிச்சுக் கழிச்சு உங்கிட்டயே வந்து நிக்குது."

கார்த்திகேசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பிரித்தார். பற்றவைக்கும் கோலை நான் எடுக்கப்போனேன். முத்தம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பால் பட்ட துண்டை முழுக்க வெட்டி எறிந்தோம். புது ஒயரை வைத்து, செம்பைப் பளபளக்கச் சுரண்டி, முறுக்கி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, டேப் சுற்றி, பலகையில் படாதபடி செங்கல் சுவரோடு கவ்வி அடித்தோம். நாற்பதிலிருந்து இருநூறு வரை இடப்பக்க ஸ்பீக்கர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நாலு முப்பத்தைந்துக்குக் கார்த்திகேசு கையெழுத்துப் போட்டார்.