ஆறாவது கெல்லி

அந்தச் சனியன் பிடித்த கெல்லியை ஒழித்துக்கட்ட நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள், வயிறு எரியும். கெல்லி என்பது ஆபரேஷனில் ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி. பார்க்கக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும், ஆனால் வெட்டாது. கவ்வியதை விடாமல் பூட்டிக்கொள்ளக் கைப்பிடியில் சின்னப் பற்கள் உண்டு. எங்கள் சிசேரியன் தட்டில் உள்ள ஆறில் ஒன்றுக்கு அந்தப் பற்கள் தேய்ந்துபோய், நினைத்த நேரத்தில் வாயைத் திறந்துகொள்ளும்.

மக்தலேனா ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் கருவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கெல்லி வழுக்கினால் டாக்டர் அர்ரியெத்தா தரையில் விட்டெறிவார். அதோடு அவர் கடமை தீர்ந்தது. கூட்டுகிறவர் அதைப் பொறுக்குவார், கழுவுவார்கள், வேகவைப்பார்கள், மறுநாள் என் முன்னாலேயே வந்து உட்காரும். சிவப்பு நாடா கட்டினேன், அவிழ்த்துவிட்டார்கள். குப்பையில் போட்டேன், தேடி எடுத்துவிட்டார்கள்.

கருவிகளைக் கழுவி அடுக்கும் பகுதிக்கு, நாங்கள் மரியாதையாகத் ‘தோன்யா’ போட்டுக் கூப்பிடும் டெல்சிதான் தலைவி. அவரிடமே போய்க் கத்தினேன்.

“தட்டுல ஆறு கெல்லி இருக்கணும் மகளே. அஞ்சுன்னா நான் வெளிய விடமுடியாது.”

“ஆறாவது பிடிக்கவே மாட்டேங்குது தோன்யா!”

“பிடிக்குதான்னு என்னை யாரும் கேக்கல. இருக்கான்னுதான் கேக்கறாங்க.”

இதற்கு மேல் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை மீன் விற்கும் யாதிராவுக்குச் சிசேரியன். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. பெண் குழந்தை வந்து வீறிட்டது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் கர்ப்பப்பை ஓரம் கிழிந்து ரத்தம் பீறிடுகிறது.

“கெல்லி! இன்னொண்ணு! இன்னொண்ணு!”

“டாக்டர், மிச்சம் இருக்கறது அந்தக் கழிசடைதான்.”

“குடு, வேற வழி?”

பெரிய ரத்தக்குழாயை அதை வைத்தே கவ்வினார். நூலுக்குக் கை நீட்டினார். டக்கென்று திறந்துகொண்டது. ரத்தம் அவர் கண்ணாடியில் அடித்தது.

“மறுபடியும் இதுவா! எவன் இதை உள்ள விட்டது?”

“நீங்க தரையில எறிஞ்சா அது செத்துடுமா டாக்டர்?”

அவர் விரலால் அழுத்திக்கொண்டு கத்த, நானும் கத்தினேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாதிரா கத்தினாள்.

“என்னய்யா திறந்துச்சு? என் வயித்துக்குள்ள என்ன திறந்துச்சு?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றேன்.

“ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை சத்தம்? நான் சாகப்போறேனா, அதையாவது சொல்லுங்க!”

நஞ்சு கிடந்த சட்டியில் ஒரு நல்ல கெல்லி தொப்புள்கொடியைக் கவ்விக்கொண்டு கிடந்தது. அதைப் பிடுங்கித் துடைத்து அவர் கையில் வைத்தேன். அது பிடித்தது. டாக்டர் குழாயில் முடிச்சுப் போட்டார்.

எல்லாவற்றையும் எண்ணி, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வயிற்றைத் தைத்தார்கள். வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யாதிரா என் கையைப் பிடித்தாள்.

“திறந்துக்கிச்சே, அதைக் குடு.”

கொடுக்கக்கூடாதுதான். இருந்த ஆத்திரத்தில் கழுவிக் கொடுத்துவிட்டேன்.

மதியம் தோன்யா டெல்சி வார்டுக்குள் தலைதெறிக்க ஓடி வந்தார். “அஞ்சுதான் வந்திருக்கு! ஒண்ணை உள்ள வச்சுத் தச்சுட்டாங்க! எக்ஸ்ரே எடுக்கணும்!”

நான் வாயைத் திறப்பதற்குள் யாதிரா தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

“உள்ள இல்லம்மா. பாதி ஆபரேஷன்லயே கழண்டுக்கிச்சு. என் உசுரு போகப் பாத்துச்சு.”

“குடு தாயே, தட்டுல வைக்கணும்.”

“தரேன். பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குச் சாயங்காலம் ஆபரேஷனாம். இதை வச்சுத்தான் உன் வயித்துல கவ்வப்போறோம்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க.”

பக்கத்துக் கட்டில் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்தாள். தோன்யா டெல்சி அவளைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக மடக்கி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அஞ்சோட அனுப்பறேன்,” என்றார் என்னிடம். “யாராவது கேட்டா என்னைக் கைகாட்டு.”