முப்பத்தொரு கோடுகள்

இந்நேரம் மகள் படியிறங்கியிருப்பாள். சைக்கிளை வாசலில் இறக்கி வைத்திருப்பாள். பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கச் சொன்னது எந்த நாளில் அவள் காதில் ஏறியது, அப்படியே மிதித்துப் போயிருப்பாள். இப்போது பேக்கரி முனை. இப்போது பழைய மரம். நகரத்தின் மறுகோடியில் மண்டியிட்டுச் சாலைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் இதை நினைத்து முடிப்பதற்குள், மகளின் சைக்கிள் முதல் கோட்டில் ஏறியது அவள் நெஞ்சுக்குழியில் தெரிந்தது. முப்பத்தொன்று வரை எண்ணினாள். எண்ணி முடிக்கும்வரை மூச்சு விடவில்லை. மகளுக்குப் பள்ளியில் அன்று கடைசித் தேர்வு.

மகள் பள்ளிக்குப் போகும் அந்தச் சாலையைக் கடக்க யாராவது வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால், இரு பக்கமும் வரும் வண்டிகளின் சக்கரங்கள் சுழல்வதை நிறுத்திவிடும். எட்டு ஆண்டுகளாக அப்படித்தான். எஞ்சின் ஓடும், ஓட்டுநர் மிதிமிதியென்று மிதிப்பார், சக்கரம் மட்டும் உறங்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பவரைப் போல அசையாமல் இருக்கும். கடப்பவரின் பின்னங்கால் கடைசிக் கோட்டை விட்டதும் வண்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். குலுக்கல் கிடையாது. பேருந்தில் நின்றபடி டீ குடித்த ஒருவருக்கு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முதல் வாரத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் கோபமாக இறங்கி வந்து சக்கரத்தை உதைத்தார், கோட்டின் மேல் நின்று அரை மணி நேரம் கத்தினார். "யோவ், நீ கோட்டுல நின்னுக்கிட்டுக் கோட்டைத் திட்டுனா வண்டி எப்படிய்யா போகும்?" என்று உள்ளிருந்து ஒரு பெண் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அதற்கு முன் அந்தச் சாலை ஆண்டுக்கு இரண்டு பேரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் கணக்கு வாத்தியார், சைக்கிளோடு. இன்னொரு வருடம் தையற்காரரின் மனைவி, கையில் பால் பாத்திரத்தோடு. ஜனங்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, அங்கே பாதசாரிகள் கடக்கக் கோடு போடச் சாலை அலுவலகம் உத்தரவு தந்தது. போடப் போனது அவள்தான். அந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் மகளின் பள்ளி. ஒன்பது வயது மகள் அதைத் தனியாகக் கடக்கத் தொடங்க வேண்டிய வருடம் அது. அவள் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் மகளைப் பலவிதமாகப் பறிகொடுத்துக்கொண்டிருந்தாள். "உன் கவலைக்கு லாரி நிக்கப் போகுதா?" என்பான் அச்சகத்தில் வேலை பார்த்த கணவன். கோடு போட்ட பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நடந்த தவறு சின்னது. விடுமுறை நாள் என்பதால் மகளையும் உடன் அழைத்துப் போயிருந்தாள். பெயின்ட் கொப்பரையில் உருகிக் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான், அளவு நாடாவை முந்தைய தெருவிலேயே விட்டு வந்தது தெரிந்தது. உருகியதை ஆற விட்டால் அவ்வளவும் வீண். "கண் மதிப்புல போடும்மா, யாரு வந்து அளக்கப் போறா?" என்றார் மேஸ்திரி. அவளுக்குக் கண் மதிப்பில் நம்பிக்கை இல்லை. மகளின் கையை விட்டுவிட்டு, "நட கண்ணு, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம்" என்றாள். குழந்தை வைத்த ஒவ்வொரு அடியிலும் சாக்பீஸால் கிழித்தாள். விதிப்படி பதினான்கு கோடுகள் வர வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று வந்தன. ஒவ்வொன்றாகப் பெயின்டை ஊற்றி இழுத்தபோது ஒவ்வொரு பயம் வந்தது. முதல் கோட்டுக்கு லாரி. இரண்டாவதற்கு லாரிக்குப் பின்னால் மறைந்து வரும் கார். ஏழாவதற்கு, விழுந்ததை எடுக்கக் குனியும் ஓட்டுநர். பன்னிரண்டாவதற்கு அவிழ்ந்த ஷூ நாடா. பாதிக்கு மேல் எது எதற்கு என்று அவளுக்கே நினைவில்லை. கடைசிக் கோட்டில் இருந்தது மட்டும் மறக்கவில்லை: அக்கரை சேரும் நேரத்தில் அம்மா என்று திரும்பிப் பார்த்துவிடுவாளோ. இரவில் வெளிச்சம் பட்டால் மின்ன, ஈரம் காய்வதற்குள் மேலே கண்ணாடித் துகளைத் தூவினாள், காயும்வரை வெயிலில் காவல் நின்றாள். மறுநாள் காலை சக்கரங்கள் நின்றன.

நின்றவை எல்லாம் அவள் பயந்தவை மட்டுமே. ஆம்புலன்ஸைப் பார்த்து அவள் பயந்ததில்லை, அது போய்க்கொண்டிருந்தது. சைக்கிளை அவள் நினைக்கவே இல்லை, அதனால் சைக்கிள்கள் கோட்டின் மேலும் பக்கத்திலும் இஷ்டம்போல் ஓடின. அதைக் கண்டுகொண்ட ஜனங்கள் பரணில் கிடந்த சைக்கிள்களை இறக்கினார்கள். இரண்டு வருடத்தில் அந்தத் தெருவில் மூன்று சைக்கிள் கடைகள் வந்தன. ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள் நடுச்சாலையில் நின்று பேசினார்கள். ஒரு நாய், எதிர்ப்பக்கத்தில் வேலை ஏதும் இல்லாமலே, நாளைக்கு நான்கு முறை கடந்தது. சாலை அலுவலகத்தார் வந்து அளந்து, கோடுகள் விதிமுறைக்கு உட்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவளை வைத்து மருத்துவமனை வாசலிலும் கோடுகள் போட்டார்கள். அன்று நாடா கையில் இருந்தது. சக்கரங்கள் அவற்றைச் சட்டை செய்யவில்லை.

யாருக்கும் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. கோட்டில் இறங்கிய பயம் அவளை விட்டுப் போகவில்லை. அங்கே யார் கால் வைத்தாலும் அவள் எங்கிருந்தாலும் நெஞ்சில் அது தெரிந்தது. பேக்கரிக்காரரின் கனத்த நடை, நாயின் நான்கு பாதங்கள், கடைசிக் கோட்டுக்கு முன் ஒரு கணம் தயங்கும் மகளின் சக்கரம். எல்லாரும் போய்ச் சேரும்வரை அவளால் முழு மூச்சு விட முடியாது. ஒருமுறை மருத்துவரிடம் போனாள். அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு. உள்ள யாரோ நடந்து போற மாதிரி சத்தம் மட்டும் கேக்குது" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நெரிசல் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மகளின் தேர்வு முடிவு வந்து, வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த வாரத்தில் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். சாலையை வேகச்சாலை ஆக்கப் போகிறார்கள். தேய்க்கும் இயந்திரத்தை அந்தக் கோடுகளில் ஓட்டிப் பார்த்ததில் இயந்திரத்தின் பல்தான் தேய்ந்தது. ஆனால் முன்பு ஒருமுறை குழாய் பதிக்கத் தோண்டியபோது அவள் கத்தி முனையால் ஒரு கோட்டின் ஓரத்தைத் தூக்கியதையும், அது பாலாடை போல உரிந்து வந்ததையும், வேலை முடிந்ததும் அவள் அதைத் திரும்ப ஒட்டியதையும் மேஸ்திரி பார்த்திருந்தார்.

"போட்ட கைதான் எடுக்க முடியுமாம். பத்து நிமிஷ வேலை உங்களுக்கு" என்றார் பொறியாளர். "நடக்கிறவங்களுக்கு மேல பாலம் கட்டித் தர்றோம்மா. சும்மா விட்டுட மாட்டோம்."

"எத்தனை படி சார்?"

"அறுபத்தி நாலு."

"சைக்கிள்?"

"தூக்கிட்டுப் போகட்டும். உடம்புக்கு நல்லது." அவர் சிரித்தார், பிறகு தணிந்த குரலில், "உங்க பொண்ணும் படிக்க வெளியூர் போறாளாமே. இனிமே அந்தக் கோட்டுல உங்களுக்கு என்னம்மா இருக்கு?" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதே கேள்வியை அவளே தனக்குள் கேட்டு, பதிலையும் வைத்திருந்தாள்: ஒன்றும் இல்லை. முப்பத்தொரு முறை உரித்தால் நெஞ்சு காலியாகிவிடும். காலியான நெஞ்சு எப்படி இருக்கும் என்று ஆசையாக இருந்தது, பசித்தவளுக்குச் சோற்றின் மேல் வருவது போல. "சரிங்க சார்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் ரயிலேறினாள். சைக்கிள் வாசலிலேயே நின்றது. திங்கட்கிழமை காலை அவள் கத்தியோடு அந்தச் சாலைக்குப் போனாள். பொறியாளர் தன் காரில் வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவள் சாலை ஓரத்தில் மண்டியிட்டு, லாரிக்காகப் போட்ட முதல் கோட்டின் விளிம்பில் கத்தி முனையை வைத்தாள். அப்போது நெஞ்சில் ஒரு கால் விழுந்தது. எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட விழாத கால். யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதுவே அவளைத் திடுக்கிட வைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். தையற்காரர். மனைவி போன பிறகு அந்தச் சாலையை அவர் காலால் கடந்ததே இல்லை, எதிரே தெரியும் கடைக்குக்கூடப் பேருந்தேறி இரண்டு நிறுத்தம் சுற்றிப் போவார். கழுத்தில் அளவு நாடா தொங்க, மூன்றாவது கோட்டில் நின்றுகொண்டு, கால் எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, ஈரமா இருக்கா?"

"இல்லண்ணே. காஞ்சு எட்டு வருஷமாச்சு. நடங்க."

"கோட்டை எடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. நிக்குமா எல்லாம்?"

"நிக்கும்ணே. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் ஒவ்வொரு கோடாக, ஒன்பது வயதுக் குழந்தையின் அடியில், நடந்தார். அவள் எண்ணினாள். பதினெட்டில் அவர் நின்றார். அவளும் மூச்சை நிறுத்தினாள். இரு பக்கமும் லாரியும் பேருந்தும் பொறியாளரின் காரும் உறுமிக்கொண்டு அசையாமல் இருந்தன. பிறகு பத்தொன்பது. இருபது. கடைசிக் கோட்டில் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கையை ஆட்டினாள். அவர் அக்கரை ஏறினார். அவருக்குப் பின்னால் பள்ளிக் குழந்தைகள் இறங்கினார்கள்.

பொறியாளர் கண்ணாடியை இறக்கினார். "ஆரம்பிங்கம்மா. நேரமாகுது."

"இல்லீங்க சார்" என்றாள் அவள்.

"இல்லேன்னா?"

"எடுக்கல சார்."

குரலை அவள் உயர்த்தவில்லை. கத்தியை மடக்கிப் பையில் போட்டாள். முதல் கோட்டின் விளிம்பில் கத்தி பட்டு லேசாகத் தூக்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள், பழைய டப்பாவில் மிச்சமிருந்த கண்ணாடித் துகளை அதன் மேல் தூவினாள். குழந்தைகள் போன பிறகு நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் ஊன்றுகோல்காரர் வந்தார், அவர் நடுவில் நின்று யாரிடமோ பேசத் தொடங்கினார். பொறியாளர் எஞ்சினை அணைத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே, காத்திருந்தார்.